தாய்மாமாவுக்கு பி பாசிட்டிவ் பிளாஸ்மா தேவை – சென்னை

கொளத்தூர்வாசி | 29 ஏப்ரல் 2021, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். என் தாய்மாமா கோவிட் தொற்றுடன் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூன்று நாள்களாக இருக்கிறார். வயது 58, பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. முகக்கவசம் வழியாக ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். பேசுகிறார், ஆனால் நாலு சொல் பேசி முடிப்பதற்குள் மூச்சு வாங்குகிறது. இன்று மாலை பணியில் இருந்த மருத்துவர் ஒரு துண்டுச்சீட்டில் "பிளாஸ்மா, 2 யூனிட், பி பாசிட்டிவ்" என்று எழுதி என் அத்தையின் கையில் கொடுத்து, நாளைக்குள் ஏற்பாடு செய்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார். மருத்துவமனையிலேயே கிடைக்காதா என்று வரவேற்பு மேசையில் கேட்டதற்கு, இது கோவிட் வந்து குணமானவரின் இரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் நீர்ப்பகுதி, கொடையாளரை நோயாளியின் வீட்டார்தாம் அழைத்துவர வேண்டும் என்றார்கள்.

கோவிட் வந்து குணமானவர்கள் யார் யார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? வந்ததையே பலர் அக்கம்பக்கத்தில் சொல்லாமல் மறைத்த ஓராண்டு இது. சென்ற கோடையில் எங்கள் பகுதியில் எந்தெந்த வீட்டு வாசலில் மாநகராட்சி தகரம் அடித்தது என்று நினைவுபடுத்திக்கொண்டு, அந்த வீடுகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வருகிறோம். நாட்காட்டியில் கிழித்த தேதித் தாள்களை அத்தை சமையலறையில் சேர்த்து வைப்பது வழக்கம். இப்போது அவற்றின் பின்பக்கத்தில் எண்களை எழுதிக்கொண்டே இருக்கிறார். இதுவரை முப்பத்தொரு பேரிடம் பேசிவிட்டோம். என் தம்பி வேண்டுகோளை எழுதிய ஒரு படம் தயாரித்து எல்லாக் குழுக்களுக்கும் அனுப்பியிருக்கிறான். தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

தேன்சிட்டு | 29 ஏப்ரல் 2021, இரவு 10.15

சகோதரி, உங்கள் வேண்டுகோளை எங்கள் தன்னார்வக் குழுவில் சேர்த்துவிட்டேன். சென்ற ஆண்டு ஜூலையிலிருந்து இந்த வேலையைச் செய்து வருவதால் சிலவற்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். தம்பி அனுப்பிய படத்தில் தேதியும் நேரமும் உள்ளனவா என்று பாருங்கள். தேதி இல்லாத வேண்டுகோள்கள் வாட்ஸாப்பில் மாதக்கணக்கில் சுற்றுகின்றன. நாங்கள் அழைக்கும் பத்து எண்களில் மூன்றில், அந்த நோயாளி வீடு திரும்பிவிட்டார் என்றோ காலமாகிவிட்டார் என்றோ கேட்க வேண்டியிருக்கிறது. கைப்பேசி எண்ணை இங்கே பொதுவில் இடாமல் எனக்குத் தனிமடலில் அனுப்புங்கள்.

மருத்துவமனை முத்திரையும் மருத்துவர் கையெழுத்தும் உள்ள வேண்டுகைப் படிவம் இல்லாமல் எந்த இரத்த வங்கியும் பேசாது, துண்டுச்சீட்டு போதாது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் சென்ற ஜூலையில் தொடங்கிய பிளாஸ்மா வங்கியிலும் கேளுங்கள். பணம் கேட்டு வரும் அழைப்புகளை உடனே துண்டித்துவிடுங்கள். இரத்தம் கொடுப்பவர் அதற்குப் பணம் வாங்குவது, உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 முதல் நம் நாட்டில் தடைசெய்யப்பட்ட செயல். ரசீதுடன் இரத்த வங்கி வாங்கும் செயலாக்கக் கட்டணம் மட்டுமே முறையானது.

இரவுப்பணியாள் | 30 ஏப்ரல் 2021, அதிகாலை 2.05

நான் ஓர் இரத்த வங்கியில் தொழில்நுட்பராக இருக்கிறேன். நடு இரவில் தவறான கொடையாளரை அழைத்துக்கொண்டு வந்து, வாசலிலிருந்து திரும்பிப் போகும் குடும்பங்களை இந்த இரண்டு வாரங்களாகப் பார்த்து வருவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இரத்த வகை. ஓ வகையினர் யாருக்கும் கொடுக்கலாம் என்று நாம் பள்ளியில் படித்தது சிவப்பணுக்களுக்குப் பொருந்தும். பிளாஸ்மாவுக்கு அது தலைகீழ். ஓ வகையினரின் பிளாஸ்மாவில் ஏ, பி இரண்டுக்கும் எதிரான பொருள்கள் இருக்கும். அதை உங்கள் மாமாவுக்கு ஏற்றினால் அவருடைய சிவப்பணுக்களையே அது தாக்கும். அவர் பி வகை என்பதால் பி வகையினரோ ஏபி வகையினரோ கொடுக்கலாம். ஏபி வகையினரின் பிளாஸ்மா எல்லோருக்கும் சேரும். பாசிட்டிவ், நெகட்டிவ் வேறுபாடு பிளாஸ்மாவுக்குப் பெரும்பாலும் தடையாகாது. ஆகவே "பி பாசிட்டிவ் மட்டும்" என்று தேடாதீர்கள். உங்கள் தேடல் சட்டென்று விரியும்.

கொடையாளர் 18 முதல் 65 வயதுக்குள், 50 கிலோவுக்கு மேல் எடையுடன் இருக்க வேண்டும். அறிகுறிகள் முற்றிலும் நீங்கி 14 நாள்கள் கழிந்திருக்க வேண்டும். கருவுற்ற பெண்களின் இரத்தத்தில், ஏற்றுக்கொள்பவரின் நுரையீரலைப் பாதிக்கக்கூடிய எதிர்பொருள்கள் உண்டாகியிருக்கலாம் என்பதால், ஒருமுறையேனும் கருவுற்றவர்களிடம் எடுப்பதில்லை. ஆர்வத்தோடு வரும் தாய்மார்களைத் திருப்பி அனுப்புவது எனக்கு இன்றும் கடினமாக இருக்கிறது. தடுப்பூசி போட்டவர்கள் 28 நாள்கள் காத்திருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி. 45 வயதைக் கடந்த அனைவருக்கும் ஏப்ரல் 1 முதல் ஊசி போடப்படுவதால், அந்த வயதினரில் பலர் இப்போது கொடுக்க இயலாது. இளைஞர்களிடம் கேளுங்கள்.

வந்தவரிடம் முதலில், கோவிட் வைரஸை எதிர்க்க அவர் உடல் உருவாக்கிய எதிர்பொருளின் அளவைப் பார்ப்போம். போதுமான அளவு இல்லையென்றால் எடுக்க மாட்டோம். பிறகு எச்.ஐ.வி., இரு வகை மஞ்சள் காமாலை, மேகநோய், மலேரியா ஆகிய ஐந்து சோதனைகள். இவை முடிந்தபின் கொடையாளரை இயந்திரத்தோடு இணைத்து, இரத்தத்தை எடுத்துச் சுழற்றி, பிளாஸ்மாவை மட்டும் பிரித்துக்கொண்டு அணுக்களை அவர் உடலுக்கே திருப்பிச் செலுத்துவோம். ஒருவரிடமிருந்து ஏறக்குறைய 400 மில்லி கிடைக்கும். அதுதான் உங்கள் சீட்டில் உள்ள இரண்டு யூனிட். ஆக, உங்களுக்குத் தேவை ஒரே ஒரு மனிதர்.

ஒரு கேள்வியும் உண்டு. மாமாவுக்குக் காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது?

வைகைக்கரை | 30 ஏப்ரல் 2021, காலை 6.50

தளர்ந்துவிடாதீர்கள். சென்ற செப்டம்பரில் என் தந்தைக்கு மதுரையில் பிளாஸ்மா ஏற்றினார்கள். ஏற்றிய மறுநாளே ஆக்சிஜன் அளவு கூடியது. ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை கூட மொட்டை மாடியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். கொடுத்த பையன் யாரென்று எங்களுக்குத் தெரியாது, ஆனால் அவனுக்காக ஆடிக் கிருத்திகைதோறும் அன்னதானம் செய்வது என்று முடிவெடுத்திருக்கிறோம்.

முதுகலை மாணவர் | 30 ஏப்ரல் 2021, காலை 8.30

அரசு மருத்துவமனை ஒன்றில் கோவிட் வார்டில் பணிபுரியும் முதுகலை மாணவன் நான். இரவுப்பணியாள் கேட்ட கடைசிக் கேள்விதான் முதன்மையானது. ஏப்ரல் 22 அன்று வெளியான தேசிய வழிகாட்டுதலில், நோயின் தொடக்கத்தில், அறிகுறி தோன்றிய ஏழு நாள்களுக்குள், எதிர்பொருள் மிகுந்த பிளாஸ்மா கிடைத்தால் மட்டுமே கருதிப் பார்க்கலாம் என்றும், ஏழு நாள்களுக்குப் பிறகு கூடாது என்றும் தெளிவாகவே எழுதியிருக்கிறது. இதைச் சொல்லத் தயங்கினேன். ஆனாலும் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

சென்ற ஆண்டு ஏப்ரல் முதல் ஜூலை வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடத்தியது. நோய் முற்றியவர்களையும் இறந்தவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, பிளாஸ்மா பெற்றவர்களில் 19 விழுக்காடும் பெறாதவர்களில் 18 விழுக்காடும் என்று வந்தது, வேறுபாடு இல்லை. நோயாளிகளில் பெரும்பாலோரின் உடல், பிளாஸ்மா ஏற்றுவதற்கு முன்பே தானாக எதிர்பொருளை உருவாக்கியிருந்தது. இரண்டாம் வாரத்தில் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் வைரஸ் அன்று, அதற்கு எதிராக உடலே மூட்டிய அழற்சி. அந்தக் கட்டத்தில் உயிரைக் காப்பதாக உறுதியான சான்றுள்ள மருந்து டெக்சாமெத்தசோன் என்ற விலை குறைந்த ஸ்டீராய்டு. மாமாவுக்கு அது கொடுக்கப்படுகிறதா, சர்க்கரை அளவைக் கவனிக்கிறார்களா, குப்புறப் படுக்க வைக்கிறார்களா என்று கேளுங்கள்.

கொளத்தூர்வாசி | 30 ஏப்ரல் 2021, பிற்பகல் 1.20

மாமாவுக்குக் காய்ச்சல் தொடங்கியது ஏப்ரல் 20. நேற்று சீட்டு எழுதிக் கொடுத்தபோதே பத்தாம் நாள். எத்தனையாவது நாள் என்று அங்கே எங்களிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஸ்டீராய்டு கொடுக்கப்படுவதாகச் செவிலியர் சொன்னார்.

முதுகலை மாணவருக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஆய்வில் பயனில்லை என்று படித்தேன், அதனால் தேடவில்லை என்று நான் அத்தையிடம் எப்படிச் சொல்வது? நாளை ஏதாவது நேர்ந்துவிட்டால் அந்தச் சீட்டு எங்கள் வீட்டில் எப்போதைக்கும் இருக்கும். தேடுவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி விடப்படவில்லை. தயவுசெய்து கொடையாளர் பற்றிய செய்திகளை மட்டும் இங்கே எழுதுங்கள்.

முதுகலை மாணவர் | 30 ஏப்ரல் 2021, பிற்பகல் 2.00

புரிகிறது. மன்னித்துக்கொள்ளுங்கள். என் வார்டிலும் எங்கள் மூத்தவர்கள் சிலர் எழுதிக் கொடுக்கிறார்கள். கொடுக்க வேறொன்றும் இல்லாதபோது எழுதுகிறார்கள். உங்கள் வேண்டுகோளை எங்கள் விடுதிக் குழுவில் பகிர்ந்திருக்கிறேன்.

கொளத்தூர்வாசி | 1 மே 2021, இரவு 8.10

இரண்டு நாள் நிலவரத்தை எழுதுகிறேன். தேன்சிட்டு குழுவினர் அனுப்பிய ஒருவர் நேற்று மாலை திருவொற்றியூரிலிருந்து சொந்தச் செலவில் ஆட்டோ பிடித்து வந்தார். சென்ற ஆகஸ்டில் தொற்று வந்து குணமானவர். எதிர்பொருள் அளவு போதவில்லை என்று இரண்டு மணி நேரம் கழித்துச் சொன்னார்கள். அவர் எங்களிடம் மன்னிப்புக் கேட்டார். எங்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பத்து மணிக்கு ஊரடங்கு தொடங்குவதற்குள் வீடு சேர வேண்டும் என்று ஓடினார். இன்று காலை ஒருவர் அழைத்து, இருபத்தைந்தாயிரம் ரூபாயில் பாதியை முன்னதாக அனுப்பினால் வருவதாகச் சொன்னார். தேன்சிட்டு முன்பே எச்சரித்திருந்ததால் துண்டித்துவிட்டேன்.

இவை இரண்டும் வருத்தமில்லை. எங்கள் தெருவில் ஐந்து வீடு தள்ளி இருப்பவருக்கு வயது 41, பி பாசிட்டிவ், பிப்ரவரியில் தொற்று வந்து குணமாகி, இன்னும் ஊசி போடாதவர். மாமாவின் ஜெராக்ஸ் கடையில் அவர் பிள்ளைகளின் பாட நூல்களைக் காசில்லாமல் நகலெடுத்துக் கொண்டு போனவர். அத்தை அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். எதிர்பொருளைக் கொடுத்துவிட்டால் தனக்கு மறுபடியும் நோய் வந்துவிடும், இரண்டு சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அத்தை திரும்பி வந்து ஒன்றும் பேசாமல் வெறும் தரையில் படுத்துக்கொண்டார். எழுதக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் மனம் கொதிக்கிறது. இந்தப் பிறவியில் அந்த வீட்டு வாசற்படியை நான் மிதிக்கப்போவதில்லை.

இரவுப்பணியாள் | 1 மே 2021, இரவு 9.00

திருவொற்றியூர்க்காரர் போன்றவர்களைத்தான் நாங்கள் நாள்தோறும் திருப்பி அனுப்புகிறோம். எட்டு மாதமானால் பலருக்கு அளவு குறைந்துவிடுகிறது. அது அவர் குற்றமில்லை.

அண்டை வீட்டாரைப் பற்றியும் ஒரு சொல். அவர் சொன்னது தவறான நம்பிக்கைதான். ஒருமுறை கொடுப்பதால் உடலில் உள்ள எதிர்பொருள் தீர்ந்துவிடாது. அதை உருவாக்கும் அணுக்கள் உள்ளேயே இருக்கின்றன, இரண்டு வாரத்தில் மறுபடியும் கொடுக்கவே அனுமதி உண்டு. ஆனால் இந்த அச்சத்தை நான் படித்தவர்களிடமும் வாரத்துக்கு நாலு முறை கேட்கிறேன். யாரும் அவருக்கு விளக்கிச் சொல்லியிருக்க மாட்டார்கள். கொடை என்பது கேட்டால் மறுக்கும் உரிமையோடு சேர்ந்ததுதான். அந்த உரிமை இல்லாவிட்டால் அதற்கு வேறு பெயர்.

மணலிக்காரன் | 1 மே 2021, இரவு 11.35

அக்கா, வணக்கம். என் நண்பர் ஒருவர் இந்த இழையை எனக்கு அனுப்பினார். எனக்கு வயது 26, ஏபி பாசிட்டிவ், 71 கிலோ. மார்ச் இறுதியில் தொற்று வந்து, ஏப்ரல் 10 முதல் எந்தத் தொந்தரவும் இல்லை. பி வகைக்கு என்னுடையது சேராது என்று நினைத்து இரண்டு நாளாக உங்கள் படத்தைப் பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டேன். இரவுப்பணியாள் அண்ணன் எழுதியதை இப்போதுதான் படித்தேன். நாளை ஞாயிறு முழு ஊரடங்கு. மருத்துவமனைக் கடிதத்தின் படத்தை எனக்கு அனுப்பினால் காவலர்களிடம் காட்டிவிட்டுக் காலையிலேயே வந்துவிடுவேன்.

கொளத்தூர்வாசி | 3 மே 2021, இரவு 7.15

மணலித் தம்பி நேற்று காலை எட்டேகாலுக்கு வந்தார். எதிர்பொருள் போதுமான அளவு இருந்தது. நாடே தேர்தல் முடிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அத்தை இரத்த வங்கியின் கண்ணாடிக் கதவு வழியாக அந்தப் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் உதடு மரத்துப்போகிறது என்று தம்பி சொன்னதும் செவிலியர் சுண்ணாம்புச்சத்து மாத்திரை ஒன்றைக் கொடுத்து, இரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் மருந்தால் அப்படித்தான் இருக்கும், பயப்பட வேண்டாம் என்றார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்தது. பை வெளிர் மஞ்சளாக, வடித்த கஞ்சியில் சிறிது மஞ்சள்தூள் கலந்தாற்போல இருந்தது. இரத்தம் என்றால் சிவப்பு என்று எண்ணியிருந்த அத்தை, இதையா இத்தனை நாளாகத் தேடினோம் என்று கேட்டார்.

மற்றச் சோதனைகளின் முடிவு வந்தபின், தெர்மகோல் பெட்டியில் பனிக்கட்டிகளுக்கு நடுவே வைத்து மருத்துவமனைக்கு எடுத்துப் போனோம். இன்று காலை முதல் யூனிட் ஏற்றியிருக்கிறார்கள். பதினான்காம் நாள். மணலித் தம்பி பெட்ரோலுக்குக் கூடப் பணம் வாங்க மறுத்துவிட்டார். அத்தை கொடுத்த இரண்டு வாழைப்பழங்களை மட்டும் எடுத்துக்கொண்டார். உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

கொளத்தூர்வாசி | 10 மே 2021, மாலை 4.50

மாமா நேற்று அதிகாலை காலமாகிவிட்டார். 5ஆம் தேதி செயற்கைச் சுவாசக் கருவியில் வைத்தார்கள். அதன்பின் நினைவு திரும்பவில்லை. உறையிட்ட உடலைத் தூரத்திலிருந்து பார்த்தோம்.

உங்களில் பலர் கேட்பதால் எழுதுகிறேன்; வேறு எதையும் எழுதும் நிலையில் இல்லை. 29ஆம் தேதியே கிடைத்திருந்தால் என்ற ஒரே நினைப்புத்தான் எனக்கு. ஐந்து வீடு தள்ளி ஒருவர் கதவைத் திறந்திருந்தால், ஏபி வகையும் சேரும் என்று எனக்கு முதல் நாளே தெரிந்து படத்தில் எழுதியிருந்தால், என்று அந்த நான்கு நாள்களையே புரட்டிக்கொண்டிருக்கிறேன். அத்தையும் அதையேதான் செய்கிறார். அந்தத் தேதித் தாள்களை எடுத்து, ஒவ்வொரு எண்ணாகத் தொட்டு, இவரை இன்னொரு முறை அழைத்திருக்கலாம் என்கிறார்.

வைகைக்கரை | 10 மே 2021, மாலை 5.30

ஆழ்ந்த இரங்கல் அம்மா. அத்தையைத் தனியாக விடாதீர்கள்.

தேன்சிட்டு | 10 மே 2021, மாலை 6.05

எங்கள் குழுவில் உள்ள அனைவரின் அஞ்சலியும். வேண்டுகோளை எங்கள் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன்.

மணலிக்காரன் | 18 மே 2021, காலை 7.40

அக்கா, உங்களைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும். பிளாஸ்மா சிகிச்சையை வழிகாட்டுதலிலிருந்தே நீக்கிவிட்டார்கள் என்று நேற்றிரவு செய்தியில் சொன்னார்கள். அதில் பயன் இல்லை என்கிறார்கள். நான் கொடுத்தது வீணா என்று இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொன்னால், நான் கொடுத்ததால் மாமாவுக்குக் கேடு ஏதும் வந்திருக்குமோ என்றும் அச்சமாக இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதுகலை மாணவர் | 18 மே 2021, இரவு 10.20

தம்பி, உங்களால் கேடு வந்திருக்கும் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள். பிளாஸ்மா ஏற்றுவதால் நுரையீரல் பாதிப்பு வருவதாக இருந்தால் ஏற்றிய ஆறு மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதற்காக நோயாளியைக் கவனிப்பார்கள். மாமாவின் நிலை இரண்டு நாள் கழித்து மோசமானது. அது நோயின் போக்கு.

செய்தி உண்மைதான். மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் எய்ம்ஸும் சேர்ந்த தேசியக் குழு நேற்று, மே 17 அன்று, அதை நீக்கியது. சென்ற வாரம்தான் வேலூர்ப் பேராசிரியர் ககன்தீப் காங் உள்ளிட்ட மருத்துவர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகருக்கு இதுபற்றிக் கடிதம் எழுதியிருந்தார்கள். பிரிட்டனில் 11,558 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முழு முடிவும் 14ஆம் தேதி லான்செட் இதழில் வந்துவிட்டது: 28 நாள்களுக்குள் இறந்தவர்கள் பிளாஸ்மா பெற்றவர்களில் 24 விழுக்காடு, பெறாதவர்களிலும் 24 விழுக்காடு.

இதை மூடநம்பிக்கை என்று இப்போது சிலர் பேசுவதை நான் ஏற்கவில்லை. 1890களில் தொண்டை அடைப்பான் நோய்க்கு எமில் வான் பெரிங் நோய் எதிர்ச் சீரத்தைக் கொடுத்துக் குழந்தைகளைக் காத்த நாளிலிருந்து தொடரும் சிந்தனை இது. அர்ஜென்டினாவில் ஒரு வகை இரத்தக்கசிவுக் காய்ச்சலுக்கு, குணமானவர்களின் பிளாஸ்மாவைக் கொடுத்தபோது இறப்பு 16.5 விழுக்காட்டிலிருந்து 1.1 விழுக்காடாகக் குறைந்தது என்று 1979இல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அதை எட்டு நாள்களுக்குள் கொடுத்தார்கள். கோவிட்டுக்கே கூட, அதே நாட்டில் 160 முதியவர்களிடம், அறிகுறி தோன்றிய 72 மணி நேரத்துக்குள் எதிர்பொருள் மிகுந்த பிளாஸ்மா கொடுத்தபோது நோய் முற்றியது 31 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாகக் குறைந்தது. மூன்றாம் நாளில், மூச்சுத் திணறலே தொடங்காத ஒருவருக்குச் செய்த சிகிச்சையை, பத்தாம் நாளில் ஆக்சிஜனில் இருப்பவருக்கு நாம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கொளத்தூர்வாசிக்கு: 29ஆம் தேதி இரவே கிடைத்திருந்தாலும் அது பத்தாம் நாள். நீங்கள் புரட்டிக்கொண்டிருக்கும் அந்த நான்கு நாள்களில் மாமாவின் உயிர் இருக்கவில்லை. இதை ஏப்ரல் 30 அன்று உங்களிடம் வற்புறுத்த எனக்குத் துணிவு வரவில்லை, இப்போது சொல்கிறேன்.

வைகைக்கரை | 19 மே 2021, காலை 6.30

என் தந்தை பிழைத்ததைக் கண்ணால் கண்டவன் நான். எண்கள் எத்தனை சொன்னாலும் என் நன்றி குறையாது.

இரவுப்பணியாள் | 19 மே 2021, பிற்பகல் 3.10

வைகைக்கரை ஐயா, உங்கள் நன்றியை யாரும் குறைக்கச் சொல்லவில்லை. அப்பா அன்றே ஸ்டீராய்டும் ஆக்சிஜனும் பெற்றிருப்பார். எது காத்தது என்று ஒரு மனிதரை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் ஆயிரக்கணக்கானவர்களை எண்ணுகிறார்கள்.

எங்கள் இரத்த வங்கியில் பிளாஸ்மா இயந்திரத்துக்கு முன்னால் நேற்றுவரை இருந்த நாற்காலி வரிசை இன்று காலியாக இருந்தது. எனக்கு ஆறுதலும் கோபமும் ஒருங்கே வந்தன. சென்ற அக்டோபரிலேயே நம் நாட்டு ஆய்வின் முடிவு அச்சில் வந்துவிட்டது. அதற்குப் பின்னும் எழுதிக் கொடுத்தவர்கள், எதிர்பொருள் அளவையும் நாள் கணக்கையும் தாமே பார்த்து, தேவையென்றால் எங்களிடம் கேட்டிருக்க வேண்டும். மாறாக, குணமானவர்களைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு முழுவதும் ஆக்சிஜன் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்ற மனைவியின் மேலும் மகளின் மேலும் இறக்கப்பட்டது. அவர்கள் நோயாளியோடு இருந்திருக்க வேண்டிய நேரம் அது.

மணலித் தம்பி, நீங்கள் ஞாயிறு ஊரடங்கில் வந்து கொடுத்தீர்கள். அன்று மருத்துவர் கேட்டதை, அன்று இருந்த விதிப்படி கொடுத்தீர்கள். இரத்தத் தட்டுப்பாடு இப்போது கடுமையாக இருக்கிறது. ஊரடங்கில் முகாம்களே நடக்கவில்லை. ஊசி போட்டபின் 14 நாள் காத்திருந்தால் போதும் என்று விதியும் மாறியிருக்கிறது. உங்களைப் போன்றவர் முழு இரத்தம் கொடுக்க வந்தால், எங்களிடம், அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிய தலசீமியா நோயுள்ள குழந்தைகள் காத்திருக்கிறார்கள்.

கொளத்தூர்வாசி | 24 மே 2021, காலை 11.00

முதுகலை மாணவர் எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். முதலில் கேட்க மறுத்தார். பிறகு பத்தாம் நாள் என்ற இடத்தைத் திரும்பப் படிக்கச் சொன்னார். நாட்காட்டித் தாள்களை எடுத்து, எண் எழுதிய பக்கத்தைத் திருப்பி, தேதிப் பக்கத்தை மேலே வைத்து, ஏப்ரல் 20இலிருந்து ஒவ்வொன்றாக விரலால் எண்ணிக்கொண்டு போனார். 29இல் நிறுத்தினார். அன்றிரவு அவர் சற்றுத் தூங்கினார் என்று நினைக்கிறேன். ஏப்ரல் 30 அன்று நான் கடுமையாக எழுதியதற்கு முதுகலை மாணவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அன்று பகல் மாமா வீடியோ அழைப்பில் என்னிடம் ஏதோ சொல்ல முயன்றபோது, இன்னொரு கொடையாளர் அழைப்பு வருகிறது என்று துண்டித்தேன். அது மட்டும் எந்த ஆய்வாலும் எனக்குத் தீரவில்லை.

ஐந்து வீடு தள்ளி இருப்பவரிடம் நேற்று முன்தினம் பேசினேன். வாசலுக்கு வெளியே நின்றுதான் பேசினேன். அவர் ஜன்னல் பக்கம் வந்தார். நீங்கள் அன்று கொடுத்திருந்தாலும் மாமா பிழைத்திருக்க மாட்டார், அரசே அதை நிறுத்திவிட்டது என்று சொன்னேன். தெரியும், செய்தியில் பார்த்தேன், ஆனாலும் அக்கா வாசலில் நின்ற அந்த நிமிடத்தில் எனக்கு அது தெரியாதே என்று அவர் சொன்னார். நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. பேசத் தொடங்கியிருக்கிறோம்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நேற்றிரவு பதினொரு மணிக்கு ஓர் இளம்பெண் திருச்சியிலிருந்து அழைத்தார். தனக்கு பி பாசிட்டிவ், குணமாகி இருபது நாள் ஆகிறது, சென்னையில் தோழி வீட்டில் தங்கிக் கொடுக்க முடியும், மாமாவுக்கு இன்னும் தேவையா என்று கேட்டார். தேவையில்லை என்றேன். குணமாகிவிட்டாரா என்று கேட்டார். இல்லை என்று சொன்னதும் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தாமதமாக அழைத்ததற்கு மன்னிப்புக் கேட்டார். இந்த இரண்டு வாரத்தில் இப்படி வந்த ஏழாவது அழைப்பு இது. ஒவ்வொருவரிடமும், நீங்கள் தாமதிக்கவில்லை என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் தம்பி அனுப்பிய அந்தப் படத்தில், தேன்சிட்டு முதல் நாளே எச்சரித்தபடி, தேதி இல்லை. மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து. மேலே "அவசரம்" என்றும் கீழே இரண்டு கைப்பேசி எண்களும் இருக்கும். இரண்டாவது எண் அத்தையுடையது. உங்களில் யாருக்கேனும் அது வந்தால் அழித்துவிடுங்கள், அனுப்பியவரிடமும் சொல்லுங்கள்.